ஜூதித் கோத்தியேவுக்குச் சீன மொழி உண்மையிலேயே தெரியுமா?

19ஆம் நூற்றாண்டில் 'ஜேட் நூல்' (ஜேட் என்பது பச்சை நிற மணிக்கல்) என்ற பெயரில் சீனக் கவிதைகளைப் பிரெஞ்சில் தந்த ஜூதித் கோத்தியேவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். சீனக் கவிதைக்கு ஐரோப்பாவில் கதவு திறந்தவர் என்பது ஒரு கட்சி. சீனமே தெரியாமல் தன் கற்பனையை எட்டாம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் லி பாயின் பெயரில் விற்றவர் என்பது இன்னொரு கட்சி.

தெரியும், ஆனால் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லித்தரும்போது தொடர்ந்து போகும் அளவுக்கு. அந்தப் புத்தகம் வந்தபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். மொழிபெயர்ப்பு என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அந்தப் பொருளில் அது மொழிபெயர்ப்பு இல்லை. மோசடி என்று சொல்கிறவர்கள் மட்டும் 1867ஆம் ஆண்டு முதல் பதிப்பைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அங்கே கவிதைத் தலைப்புக்குக் கீழே 'லி பாயைத் தழுவி' என்ற பொருளில்தான் போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பு என்று அந்தப் பெண் உரிமை கொண்டாடவில்லை. வம்பு பின்னால் வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஜூதித் 1845 ஆகஸ்டில் பாரிசில் பிறந்தார். அப்பா தெயோஃபில் கோத்தியே: கவிஞர், நாவலாசிரியர், நாடக விமர்சகர், 'கலை கலைக்காகவே' கூட்டத்தின் பெரிய தலை. அம்மா எர்னெஸ்தா கிரிசி, இத்தாலியப் பாடகி. சித்தி கார்லோத்தா கிரிசி 'ஜிசெல்' பாலேயில் முதன்முதலாக ஆடிப் புகழ் பெற்றவர். அந்த பாலேயின் கதையை எழுதியவர்களில் தெயோஃபிலும் ஒருவர். இப்படிப்பட்ட வீட்டில் கிழக்கு நாடுகளின் மேல் மோகம் வருவதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. நமக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு செய்தியை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜூதித் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1838இல், புதுச்சேரிக்கு அருகே திருவந்திபுரத்திலிருந்து ஒரு தேவதாசிக் குழு பாரிசுக்குப் போய் ஆடியது. அதில் அம்மணி என்ற இளம்பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்து உருகி உருகி எழுதியவர் இதே தெயோஃபில் கோத்தியேதான். அவர் மகள் வளர்ந்தது அந்த மாதிரி உருகல்களின் நடுவில்.

சிறு வயதில் செவிலித்தாய் வீட்டில் கொஞ்ச காலம், பிறகு தாத்தா வீடு, பிறகு கன்னியர் மடத்துப் பள்ளி என்று அலைந்து, கடைசியில் பெற்றோரிடம் வந்து சேர்ந்த பெண் அவர். முறையான உயர்கல்வி கிடையாது. அப்பாவின் நூலகமும் வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளிகளும்தான் கல்வி. 1864இல், கவிஞர் பொதலேர் மொழிபெயர்த்திருந்த எட்கர் ஆலன் போவின் 'யுரேகா'வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பெண்ணுக்கு அப்போது 18 வயது. பொதலேர் அதைப் படித்து அசந்துபோய்க் கடிதம் எழுதினார். மொழியைக் கையாளும் திறமை எந்த அளவில் இருந்தது என்பதற்கு இது போதும்.

சீனம் வீட்டுக்கு வந்த கதை சுவாரசியமானது. திங் துன்லிங் என்ற சீனர் ஒருவர் பாரிசில் நிர்க்கதியாக நின்றார். கலெரி என்ற பிரெஞ்சு அறிஞர் சீன அகராதி வேலைக்காக அவரைக் கூட்டி வந்திருந்தார். 1862இல் கலெரி இறந்துவிட்டார். ஊர் திரும்பக் காசில்லை, பிரெஞ்சும் அரைகுறை. பின்னாளில் தொல்லியலில் பெயர் வாங்கிய கிளெர்மோன்-கனோ என்ற இளைஞர் அவரை கோத்தியே வீட்டுக்கு அழைத்து வந்தார். தெயோஃபில் அவரைத் தங்கவைத்து, பெண்களுக்குச் சீனம் சொல்லிக்கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். தங்கை எஸ்தெல்லுக்கு அதில் ஒட்டவில்லை. ஜூதித் பிடித்துக்கொண்டார். இருவரும் பாரிசின் இம்பீரியல் நூலகத்துக்குப் போய்ச் சீன நூல்களிலிருந்து கவிதைகளைப் படியெடுப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து பொருள் பிரிப்பார்கள்.

இந்த வேலையின் கஷ்டத்தை யோசித்துப் பார்த்தால்தான் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியும். கைக்கு எட்டிய பெரிய சீன-பிரெஞ்சு அகராதி 1813இல் நெப்போலியன் ஆணையில் அச்சான பழைய நூல். செவ்வியல் சீனத்தில் எழுவாய் பெரும்பாலும் இருக்காது, காலம் காட்டும் விகுதி கிடையாது, ஒருமை பன்மை கிடையாது. ஐந்தெழுத்து வரியில் பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று ஒளிந்திருக்கும். அதை ஒருவர் உடைந்த பிரெஞ்சில் விளக்குகிறார், பதின்பருவத்துப் பெண் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்கிறார். தவறு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

முதல் மாதிரிகள் 1864இல் 'லார்த்திஸ்த்' இதழில் வந்தன. 'சீனக் கருப்பொருள்கள் மீது சில மாறுபாடுகள்' என்ற பொருளில் தலைப்பு. இசைக்காரர்கள் ஒரு ராகத்தை எடுத்து விரிப்பது போல என்று அர்த்தம். மூன்றாண்டு கழித்துப் புத்தகமானது: 71 கவிதைகள், காதலர், நிலா, இலையுதிர்காலம், பயணிகள், மது, போர், கவிஞர்கள் என்று ஏழு பகுதிகள். ஆசிரியர் பெயர் ஜூதித் வால்ட்டர் என்ற புனைபெயர். காணிக்கை திங் துன்லிங்குக்கு, 'சீனக் கவிஞர்' என்ற அடைமொழியோடு. அந்த அடைமொழி சும்மா மரியாதைக்கு இல்லை. லி பாய், து ஃபூ போன்ற தாங் அரச மரபுக் காலத்துப் (7–10ஆம் நூற்றாண்டு) பெரியவர்களோடு திங் எழுதிய கவிதைகளும் தொகுப்பில் இருக்கின்றன. அறையில் தனியே வேலை செய்யும் பெண், திடீரென்று ஒரு புல்லாங்குழலைக் கேட்கிறாள். யாரோ ஓர் இளைஞனின் குரல் என்று நினைத்துக்கொள்கிறாள். ஜன்னல் காகிதத்தின் வழியே ஆரஞ்சு இலைகளின் நிழல் அவள் மடியில் வந்து உட்காரும்போது, யாரோ தன் பட்டாடையைக் கிழித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றுகிறது. இது 'திங் துன்லிங்கைத் தழுவி' என்று வந்த கவிதை. தொகுப்பின் நல்ல கவிதைகளில் ஒன்று என்பது என் எண்ணம்.

இப்போது மூலத்தையும் அவர் தந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லி பாயின் 'ஜேட் படிகளின் மனக்குறை' என்ற கவிதை மொத்தம் 20 எழுத்துகள். அதில் இருப்பது இவ்வளவுதான்: ஜேட் படிகளில் வெண்பனி துளிர்க்கிறது. இரவு நீண்டு பட்டுக் காலுறையை நனைக்கிறது. திரும்பி வந்து பளிங்குத் திரையை இறக்கிவிட்டு, அதன் ஊடே இலையுதிர்கால நிலவைப் பார்ப்பது. ஆள் யார் என்றுகூடச் சொல்லவில்லை. ஜேட் படி என்பதால் அரண்மனை. காலுறை நனைந்ததால் நெடுநேரம் வெளியே நின்றிருக்கிறாள். நின்றிருந்தால் யாருக்காகவோ காத்திருக்கிறாள், வரவேண்டியவன் வரவில்லை. குறை தலைப்பில் மட்டும் இருக்கிறது, பாட்டுக்குள் முனகல்கூட இல்லை. முல்லைத்திணையின் இருத்தலைப் படித்துப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஜூதித் இதை என்ன செய்தார் என்றால், தலைப்பிலிருந்து மனக்குறையை எடுத்துவிட்டு 'ஜேட் படிக்கட்டு' என்று வைத்தார். முழுநிலவின் ஒளியில் ஒரு பேரரசி பனியால் மின்னும் படிகளில் ஏறுகிறாள். ஆடையின் விளிம்பு படிகளை முத்தமிடுகிறது. வெள்ளைச் சாட்டினும் ஜேடும் ஒன்றுபோல இருக்கின்றன. அறைக்குள் நிலவு புகுந்திருக்கிறது; வாசலைத் தாண்டும்போது அவளுக்குக் கண் கூசுகிறது. பளிங்கு மணிகள் தைத்த திரையில் வைரங்கள் ஒளிக்காகச் சண்டை போடுவது போலத் தெரிகிறது, வெளிர்நிற மரத்தரையில் நட்சத்திரங்கள் வட்டமாக ஆடுவது போல இருக்கிறது.

அழகாக இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் காத்திருந்த பெண் காணாமல் போய்விட்டாள். நனைந்த காலுறை போய்விட்டது, அதோடு இரவு நீண்டதும் போய்விட்டது. எஞ்சியது ஒளி மட்டும். என்னால் முழுமனதோடு பாராட்ட முடியாத இடம் இதுதான். லி பாய் ஒளித்துவைத்ததை அவர் கண்டுபிடிக்கவில்லை என்பதுகூடப் பெரிய குறை இல்லை. ஒளித்துவைப்பதே அந்தக் கவிதையின் கலை என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அப்பாவின் பள்ளியில் கற்ற பழக்கம்: கண்ணுக்குத் தெரியும் பொருளை இழைத்து இழைத்து மெருகேற்றுவது. சீனக் கவிதையில் பளபளக்கும் பொருள் எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் கை தானாகப் போய்விடுகிறது.

இதே கவிதையை 1915இல் அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் ஆங்கிலத்தில் தந்தார். அவர் மனக்குறையைச் சரியாகப் பிடித்தார்; அந்தப் பெண் நேரடியாகப் பழிசொல்லாமல் இருப்பதுதான் சிறப்பு என்று கவிதையைவிட நீளமாக ஒரு குறிப்பும் போட்டார். ஆனால் பவுண்டுக்கும் அப்போது சீனம் தெரியாது. ஜப்பானிய ஆசிரியர்களிடம் கேட்டு ஃபெனல்லோசா என்ற அமெரிக்க அறிஞர் எழுதிவைத்த குறிப்பேடுகளை வைத்துத்தான் அவர் வேலை செய்தார். அவரை டி. எஸ். எலியட் 'நம் காலத்துக்குச் சீனக் கவிதையைக் கண்டுபிடித்தவர்' என்று புகழ்ந்தார். பவுண்டுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பு அதே மாதிரி இன்னொருவர் உதவியோடு வேலை செய்த பெண்ணுக்கு மட்டும் சீனம் தெரியாதவர் என்ற ஏச்சு. இந்த ஓரவஞ்சனை எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்தது எல்லோரும் மேற்கோள் காட்டும் உதாரணம், 'பீங்கான் மண்டபம்'. இதுவும் லி பாயின் பெயரில் இருக்கிறது. சிறு செயற்கைக் குளத்தின் நடுவே பச்சையும் வெள்ளையுமாக ஒரு பீங்கான் மண்டபம். புலியின் முதுகு போல வளைந்த ஜேட் பாலம் அதற்கு வழி. உள்ளே வெளிர்நிற உடையில் சில நண்பர்கள் வெதுவெதுப்பான மதுவைக் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கவிதை எழுதுகிறார்கள். குளத்து நீரில் பாலம் கவிழ்ந்து பிறைநிலா போலத் தெரிகிறது, நண்பர்கள் தலைகீழாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லி பாயின் கவிதைகளில் இப்படி ஒன்று இல்லை. ஆய்வாளர்கள் வெகுநாள் தேடி, 'தாவ் குடும்பத்தாரின் மண்டபத்தில் விருந்து' என்ற கவிதையைத்தான் மூலம் என்று பெரும்பாலும் ஏற்றிருக்கிறார்கள். 'தாவ்' என்பது குடும்பப் பெயர். அதே எழுத்துக்கு மட்பாண்டம் என்றும் பொருள் உண்டு. தாவ் வீட்டு மண்டபம் அப்படித்தான் பீங்கான் மண்டபம் ஆகியிருக்க வேண்டும். மூலத்தில் இருப்பது ஒதுக்குப்புறமான சந்தில் ஒரு பெரிய வீடு, கண்ணாடி போன்ற குளம், பூத்த சோலை, பச்சைத் தண்ணீருக்குள் வசந்தகாலச் சூரியன், கடைசியில் நரம்பிசையும் குழலிசையும். பாலமும் புலியும் தலைகீழ் நண்பர்களும் பாரிசில் பிறந்தவை.

அந்தத் தவறு அதன் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். ஜூதித்தின் பிரெஞ்சு ஜெர்மனுக்குப் போனது. ஹான்ஸ் ஹைல்மான் 1905இல் தொகுத்த சீனப் பாடல்களுக்கு அவரும் ஒரு மூலம். அதிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் எடுத்து ஹான்ஸ் பெத்கே 1907இல் 'சீனப் புல்லாங்குழல்' என்று ஒரு தொகுப்பு போட்டார். அவருக்கும் சீனம் தெரியாது. அந்தப் புத்தகம் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் கைக்குப் போனது. மகளைப் பறிகொடுத்து, தன் இதயம் பழுது என்ற செய்தியையும் கேட்டிருந்த நேரம். 1908 கோடையில் அவர் 'பூமியின் பாடல்' எழுதினார். அதன் மூன்றாம் பகுதி இளமையைப் பற்றியது. குளத்தின் நடுவே பச்சை-வெள்ளைப் பீங்கான் மண்டபம், புலிமுதுகுப் பாலம், தலைகீழாகக் குடிக்கும் நண்பர்கள் எல்லாம் அங்கே அப்படியே இருக்கின்றன. மாலர் இறந்து ஆறு மாதம் கழித்து, 1911 நவம்பரில் ம்யூனிக்கில் புரூனோ வால்ட்டர் அதை முதன்முதலாக நடத்தினார். இன்று உலகம் முழுவதும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் அதை வாசிக்கின்றன. நிகழ்ச்சிக் கையேட்டில் லி பாயின் பெயர் தவறாமல் இருக்கும். ஜூதித்தின் பெயரை அபூர்வமாகத்தான் பார்க்கலாம். அந்த வரிகளில் லி பாயின் பங்கு அனேகமாக ஒரு குளம் மட்டுமே.

அக்காலத்தில் வேறு வழி இருந்ததா என்றால் இருந்தது. எர்வே த சேன்-தெனி என்ற அறிஞர் 1862லேயே தாங் காலக் கவிதைகளைப் பிரெஞ்சில் தந்திருந்தார். குறிப்புகளும் வரலாறும் யாப்பு பற்றிய நீண்ட முன்னுரையும் உள்ள நேர்மையான புத்தகம். ஜூதித் அதையும் பயன்படுத்தினார் என்பதில் சந்தேகமில்லை. (இதே மனிதர் 1867இல் கனவுகளைத் தன் விருப்பப்படி நடத்துவது எப்படி என்றும் ஒரு புத்தகம் போட்டார். சீன அறிஞராக அவரை அறிந்தவர்களைவிட கனவு ஆராய்ச்சியாளராக அறிந்தவர்கள்தான் இன்று அதிகம்.) து ஃபூவின் போர்க் கவிதைகள் வேண்டுமானால் நான் எர்வேயிடம்தான் அனுப்புவேன். ஆனால் எர்வேயைப் படித்துவிட்டுக் கவிதை எழுத உட்கார்ந்த பிரெஞ்சுக் கவிஞர்கள் குறைவு. ஜூதித்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தவர்கள் பலர்.

அதற்குக் காரணம் வடிவம். எதுகை கிடையாது, சந்தம் கிடையாது. இரண்டு மூன்று வரிக்கு ஒரு பத்தி, பிறகு ஓர் இடைவெளி, மீண்டும் ஒரு பத்தி. பிரெஞ்சில் உரைநடைக் கவிதை அப்போதுதான் வேர்விட்டுக்கொண்டிருந்தது. பொதலேரின் உரைநடைக் கவிதைகள் தொகுப்பாக வெளிவந்தது 1869இல், அதாவது 'ஜேட் நூல்' வந்து இரண்டு ஆண்டு கழித்து. கவிஞர் வெர்லேன் ஜூதித்தின் புத்தகத்தை வரவேற்று மதிப்புரை எழுதினார். கடல் தாண்டியும் போனது: பிரேசிலில் மச்சாடோ டி அசிஸ் 1870இல் வெளியிட்ட தன் கவிதைத் தொகுப்பில் 'சீன யாழ்' என்று ஒரு பகுதியே இதிலிருந்து எடுத்து, போர்த்துகீசிய யாப்பில் அமைத்தார். 1873இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்தது, பிறகு இத்தாலியமும் ஆங்கிலமும். சீனப் புத்தகமே அல்லாத ஒரு புத்தகத்தை ஐரோப்பா சீனம் என்று நம்பி மொழிமொழியாக மாற்றிக்கொண்டது.

காலச் சூழலையும் சொல்லியாக வேண்டும். 1860இல்தான் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் பீக்கிங்கின் கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையடித்து எரித்திருந்தன. இரண்டு திருடர்கள் ஒரு மாளிகைக்குள் புகுந்தார்கள் என்று விக்தோர் ஹ்யூகோ 1861இல் காறித் துப்பினார். கொள்ளைப் பொருளான ஜேடும் பட்டும் பீங்கானும் பாரிசுக்கு வந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் இந்தப் புத்தகம் உருவானது. சீனா என்றாலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அழகுப்பொருள் என்ற எண்ணத்தை ஜூதித் உண்டாக்கவில்லை. ஆனால் அதற்கு மெருகு போட்டார். அவரை விரும்புகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

ஜப்பானியக் கவிதைக்கு வந்தபோது வேலையின் தரமே வேறு. 1885இல் வந்த 'தும்பியின் கவிதைகள்' என்ற நூலில் தன்கா என்னும் ஐந்தடி ஜப்பானியக் குறுங்கவிதைகள் 88. இந்த முறை பக்கத்தில் இருந்தவர் சயோன்ஜி கின்மோச்சி, அரசவைப் பிரபு. 1870களில் பாரிசில் சட்டம் படித்தவர், பின்னாளில் ஜப்பானின் பிரதமராக இரண்டு முறை இருந்தவர். அவர் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிக்கொடுத்தார். ஜூதித் அதை 5-7-5-7-7 என்று 31 அசையிலேயே பிரெஞ்சில் அமைத்தார், போதாததற்கு எதுகையும் சேர்த்தார். பக்கமெல்லாம் யமமோட்டோ ஹோசுய் என்ற ஜப்பானிய ஓவியரின் வண்ணப் படங்கள்; எழுத்து படத்தின் மேலேயே ஓடும். நேரடிப் பொருளைத் தனியாக அச்சிட்டதால், கவிஞர் எங்கே விலகினார் என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம். சீன நூலுக்கு இந்த நேர்மை கிடைத்திருந்தால் இத்தனை சர்ச்சையே வந்திருக்காது. பிரெஞ்சு எதுகை மட்டும் தன்காவுக்கு ஒட்டவில்லை; ஊஞ்சல் மாதிரி ஆடவேண்டிய முடிவை அது ஆணி அடித்து நிறுத்திவிடுகிறது.

வாழ்க்கை வரலாற்றை நான் வேகமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவரைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப் பேர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். 1866இல் அப்பாவின் பேச்சைக் கேட்காமல் கத்துல் மென்தெஸ் என்ற கவிஞரை மணந்தார். அப்பா திருமணத்துக்குப் போகவில்லை. மென்தெஸுக்கு வேறு குடும்பம் இருந்தது, அப்பா சொன்னதே சரியாகிப் போனது. 1870களின் நடுவில் பிரிந்தார்கள். 1869இல் ஸ்விட்சர்லாந்துக்குப் போய் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரைப் பார்த்தார். 1876க்குப் பிறகு வாக்னர் 'பார்சிஃபால்' இசைநாடகம் எழுதிய நாள்களில் ஜூதித்திடம் பட்டும் வாசனைத் திரவியமும் கேட்டு உருக்கமாகக் கடிதங்கள் போட்டார், 1878இல் மனைவி கோசிமா அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். கிழட்டு ஹ்யூகோ ஜூதித்துக்கு ஒரு சானெட் (பதினான்கு வரிக் கவிதை) எழுதினார். பிரித்தானி கடற்கரையில் அவர் வீட்டுப் பக்கம் ஓவியர் சார்ஜென்ட் அவரை வரைந்தார். 1910இல் ஜூல் ரெனாரின் இடத்துக்கு கோன்கூர் அகாதெமி என்ற பிரெஞ்சு இலக்கிய அமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது; அங்கே உட்கார்ந்த முதல் பெண் அவர்தான், இரண்டாவதாக நாவலாசிரியர் கொலெத் வர 1945 ஆனது. 1917 டிசம்பரில் அதே கடற்கரை வீட்டில் இறந்தார். சீனாவையோ ஜப்பானையோ அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

இந்தியாவையும் பார்த்ததில்லை. ஆனால் 'சொர்க்கத்தைக் கைப்பற்றல்' என்று பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே காலத்துப் புதுச்சேரியை வைத்து ஒரு நாவல் எழுதினார். நாயகன் தளபதி புஸ்ஸி; புதுச்சேரிக்காரர்களுக்கு புஸ்ஸி வீதியாகத் தெரிந்த அதே புஸ்ஸி. நாயகி ஊர்வசி, பெங்களூரின் ராணி! வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வெள்ளை யானை தன் கதையைச் சொல்லும் சிறுவர் நூலும் உண்டு. யானையின் பெயர் ஐராவதம், படங்கள் ஓவியர் மூஷா வரைந்தவை. அது இன்றும் படிக்க நன்றாக இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன வம்புக்கு வருகிறேன். 1902இல் 'ஜேட் நூல்' திருத்திய பதிப்பாக வந்தது. 71 கவிதை 110 ஆனது. சோங் அரச மரபுக் காலப் (10–13ஆம் நூற்றாண்டு) பெண் கவிஞர் லி சிங்ஜாவைப் பற்றி முன்னுரையில் எழுதி, அவர் பாடல்களையும் சேர்த்திருந்தார். ஐரோப்பிய வாசகர்கள் பலர் அந்தப் பெயரைக் கேட்டதே இதில்தான், ஜூதித்தின் பெரிய தொண்டுகளில் இதை வைப்பேன். சில தவறான ஆசிரியர் பெயர்களையும் திருத்தினார். ஆனால் அட்டையில் 'சீனத்திலிருந்து மொழிபெயர்த்த கவிதைகள்' என்று ஏறியது, 'தழுவி' என்ற சொல் போய்விட்டது. இப்படி ஒரு பெயர்ப்பலகை மாட்டிய பிறகுதான் சீனவியல் அறிஞர்கள் மூலத்தைத் தேடிப் போனார்கள், பல கவிதைகளுக்குக் கிடைக்கவில்லை. விளம்பரத்துக்காக அப்படிப் போட்டார்களா, ஐம்பது வயதைத் தாண்டிய ஜூதித்தே அப்படி நம்பத் தொடங்கிவிட்டாரா என்பது ஊகத்துக்கு உரியது. கண்டனம் செய்வதானால் 1902ஆம் ஆண்டு அட்டையைக் கண்டிக்கலாம். 1867ஐக் கண்டிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

திங் துன்லிங்கின் கதையும் இந்தப் பதிலில் சேர்ந்ததுதான். அவர் பாரிசிலேயே இருந்துவிட்டார். பிரெஞ்சுப் பெண் ஒருவரை மணந்தார், சீனாவில் ஏற்கெனவே மனைவி இருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்து 1875இல் வழக்கு நடந்தது, பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம், விடுதலையானார். அதே ஆண்டு அவர் பெயரில் ஒரு சீனக் கதை பிரெஞ்சில் வந்தது. 1886இல் இறந்தார். அவர் சரியாகச் சொல்லி ஜூதித் மாற்றியது எது, அவரே தவறாகச் சொன்னது எது என்பதைப் பிரிக்க இன்று வழியில்லை. அரைகுறைப் புலவர், பிழைக்கத் தெரிந்தவர் என்று பிற்கால எழுத்தாளர்கள் சிலர் அவரை மட்டம் தட்டுவதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். அந்தப் பழியெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து வருவது.

படிக்க விரும்பினால் நேராக 'ஜேட் நூலில்' இறங்காதீர்கள். அவருடைய நினைவுக்குறிப்புகளின் இரண்டாம் பாகம், 1903இல் வந்தது, திங் வீட்டுக்கு வரும் கதை அதில் இருக்கிறது. பிறகு 1867 பதிப்பு. 1902ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சு தெரியாதென்றால் ஜேம்ஸ் விட்டால் 1918இல் செய்த ஆங்கிலத் தேர்வு இருக்கிறது, கொஞ்சம் தட்டையானது, ஆனால் விசுவாசமானது. லி பாய் எப்படிப்பட்ட கவிஞர் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் இவற்றில் எதையும் எடுக்காதீர்கள். அதற்கு நேராகச் சீனத்திலிருந்து செய்த இக்கால மொழிபெயர்ப்புகள் வேண்டும்.